மணி அடித்ததும் போகிற கை

புருஷனும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சண்டை போட்டு நிறுத்தியிருந்தால்கூட ராமுத்தாய்க்கு நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை என்றால் யார் பக்கம் நியாயம் என்று நாலு பேர் பேசுவார்கள், பெரிய மனுஷர்கள் கூடுவார்கள், ஒரு நாள் எல்லாரும் காப்பி குடித்துவிட்டு எழுந்து போவார்கள். இது சண்டையே போடாமல் வந்து உட்கார்ந்த வினை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளுக்கு விழுந்த இடியில் சத்தம்கூட இல்லை.

புருஷன் பேர் மாரீஸ்வரன். தம்பி அருண்பாண்டி. இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒரே இடத்தில், போடியில் சுந்தரம்மாள் நடத்துகிற லைட் செட்டில். கோயில் திருவிழாக்களுக்கு நாடக மேடை போடுவது, திரை கட்டுவது, விளக்கு மாட்டுவது எல்லாம் அந்த அம்மாளின் ஆட்கள்தான். அவள் புருஷன் காலமான பிறகு 'பொம்பளை எங்கே நடத்தப்போகிறாள்' என்று சிரித்தவர்கள், இப்போது திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே வந்து அவள் வாசலில் நிற்கிறார்கள். மாரீஸ்வரன் அங்கே இருபத்திரண்டு வருசம். கம்பத்தில் ஏறி விளக்கு மாட்டுவது அவர் வேலை. கீழே மெயின் பெட்டியைப் பார்த்துக்கொள்வது அருண்பாண்டி, அவனுக்கும் பன்னிரண்டு வருசம் ஆகிவிட்டது. மேலே மச்சான், கீழே மாப்பிள்ளை என்று திருவிழாக்காரர்கள் கேலி பேசுவார்கள். இரண்டு பேரும் வேலை செய்கிற நேரமெல்லாம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே இருப்பார்கள். அதைக் கேட்கவே சில பேர் மேடைப் பக்கம் வந்து நிற்பது உண்டு.

போன புரட்டாசியில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முளைப்பாரித் திருவிழா, அன்றைக்கு நாடகம். பொழுது சாய்கிற வேளையில் மாரீஸ்வரன் மேடை முகப்பில் சவுக்குக் கம்புச் சாரத்தின் மேல் குந்தி, ஒரு போகஸ் லைட்டுக்கு வயரைத் திருகிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தார். மேடைக்குப் பின்னால் பெட்டி அருகில் அருண்பாண்டி உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பக்கத்துக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. தீபாராதனைக்கு மணி அடித்த உடனே, வளைவு, கோபுரம், மேடை என்று எல்லா விளக்கும் ஒரே மூச்சில் எரிய வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் 'சாமிக்குச் சூடம் காட்டும்போது இருட்டடிச்சுப்புட்டியேடா' என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். மறுவருசம் அந்தக் கோயிலுக்கு வேறு செட்டுக்காரன் வந்துவிடுவான். அதனால் பன்னிரண்டு வருசமாக மணி அடித்தால் அருண்பாண்டியின் கை மெயினுக்குப் போகும். கண் இமைக்க யாராவது யோசிக்கிறார்களா? அந்த மாதிரிதான்.

அன்றைக்கும் மணி அடித்தது. கை போனது.

மேலே வயரைப் பிடித்திருந்த மாரீஸ்வரனைக் கரண்டு உதறி எறிந்தது. கீழே சுருட்டிக் கிடந்த காடு வரைந்த சீன் திரை மேல் விழுந்ததால் உயிர் தப்பினார். தரையில் விழுந்திருந்தால் ராமுத்தாய் அன்றைக்கே தாலியைக் கழற்றியிருப்பாள். வலது உள்ளங்கை வெந்துபோனது. அது ஆற இரண்டு மாதம் பிடித்தது.

கேட்டவர்களிடம் எல்லாம் மாரீஸ்வரன் ஒரே பதிலைச் சொன்னார். "வயரு பழசு. தோலு உரிஞ்சு கெடந்துருக்கு, நாந்தான் பாக்கல." மச்சினன் பேரை அவர் வாயில் எடுக்கவே இல்லை. ஆனால் அருண்பாண்டி இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவன் இளநீரை அக்காள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குப் பிறகு அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ராமுத்தாய்க்கு ஏலத்தோட்ட வேலை. விடிவதற்குள் சோற்றுப் போசியோடு ஜீப்பில் ஏறினால் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து எழுந்து, போடிமெட்டு தாண்டி இறங்குவாள். பகல் முழுக்கச் செடியடியில் குந்தி, சரத்தில் முற்றிய காயாகப் பார்த்து எடுப்பது. பிஞ்சில் கை வைத்தால் மேல்பார்வை பார்க்கிற மலையாளத்துக்காரர், "சேச்சி, பிஞ்சு வேண்டா, பிஞ்சு வேண்டா" என்று தலைக்கு மேலே வந்து நிற்பார். குந்திய இடத்தில் அவளுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. யோசித்து என்ன? புருஷன் சுந்தரம்மாளின் குடோனில் உட்கார்ந்து கிழிந்த திரையைத் தைக்கிறார், பல்பைத் துடைக்கிறார். கம்பத்தில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறார். கேட்டால் "கை இன்னும் சரியாகல" என்கிறார். டாக்டர் கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

தை மாசக் கடைசியில் சுந்தரம்மாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். வெற்றிலையை மென்றுகொண்டு, வாசற்படியில் உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"மாரீசு, மாசி பொறந்தா குரங்கணியில மொத திருவிழா. அங்கன பிடிச்சு வைகாசி வரைக்கும் எனக்கு மூச்சு விட நேரம் கெடையாது. நீ ஏறுவியா மாட்டியா? ஏறலேன்னா சொல்லிரு. மேல ஏற ஒரு ஆளப் பிடிக்கணும்ல?"

"பாக்கலாங்க்கா."

"அஞ்சு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்க. இந்தா பாரு, அடுத்த வாரம் நம்ம கல்யாண மண்டபத்துல மூணு நாள் பயிற்சி வைக்கிறாக. மேடை வேல செய்றவுகளுக்கு, கரண்டுல எப்பிடிச் சாகாம இருக்கணும்னு சொல்லிக் குடுக்கப்போறாக. மதுரையிலருந்து ஆள் வருது. ஒம்பேரையும் அருண்பாண்டி பேரையும் குடுத்துட்டேன்."

"இருவத்திரெண்டு வருசமா ஏறுறவனுக்கு என்னாத்தச் சொல்லிக் குடுப்பாக?"

"அதப் போயித்தான் கேளேன். ஏத்தா ராமுத்தாயி, மூணு நாளும் மத்தியானச் சமையல் ஒனக்கு. இருவத்தஞ்சு பேருக்கு. தோட்டத்துக்கு லீவு சொல்லிரு."

ராமுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. சமையலுக்கு ஆள் கிடைக்காமலா இவளைக் கூப்பிடுகிறாள்? இரண்டு ஆம்பளைகளையும் ஒரே கூரையின் கீழே அடைத்து, நடுவில் இவளையும் நிறுத்தப் பார்க்கிறாள் மகராசி.

பயிற்சி சொல்ல வந்தது ஒரு பெண். ஜோதி என்று பேர், முப்பது வயசு இருந்தால் அதிகம். சொந்த ஊர் கம்பம், மதுரையில் ஒரு நாடக அரங்கில் விளக்குப் பொறுப்பு பார்க்கிறாளாம். சுடிதாரும் காலில் கனத்த ரப்பர் பூட்சுமாக வந்து நின்றதைப் பார்த்ததும் மண்டபத்தில் ஒரு கசமுசா ஓடியது. தேவாரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர், "இந்தப் புள்ள பொறக்குறதுக்கு முந்தி நாங்க ஏறுன கம்பத்த நட்டு வச்சா ஒரு தோப்பே ஆயிரும்" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஆமாண்ணே. நான் சொல்றதுல எது உங்களுக்குத் தெரியுதோ அத நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. தெரியாதத நான் சொல்றேன்" என்றாள்.

முதல் நாள் கயிறும் ஏணியும். ராமுத்தாய் மண்டபத்துக்குப் பின்புறம் அடுப்பு மூட்டிக் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுச் சாம்பார் கூட்டிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தாள். கனத்த விளக்கைத் தூக்கிக் கட்ட ஜோதி ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். மாரீஸ்வரன் எழுந்து போய், தான் வழக்கமாகப் போடுகிற முடிச்சைப் போட்டார். ஜோதி அதைப் பிடித்து ஒரு ஆள் கனத்துக்குத் தொங்கினாள். அசையவில்லை. "இன்னொரு தடவை மெதுவாப் போடுங்கண்ணே, நான் எழுதிக்கிறேன்" என்றாள். ராமுத்தாய்க்கு மனசு குளிர்ந்து போனது. அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு களை வந்து எத்தனை நாளாயிற்று!

மேடையில் வெறுங்காலோடு கரண்டு வேலை பார்க்கக் கூடாது என்று ஜோதி சொன்னபோதுதான் மண்டபம் கலைந்தது. சலங்கை கட்டி ஆடுகிற மேடை, சாமி வந்து நிற்கிற இடம், செருப்புக் காலோடு எப்படி ஏறுவது? ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, செருப்பு வேண்டாம். ரப்பர் பாய் விரிச்சு அது மேல நில்லுங்க. பாய் மேல நின்னா சாமி கோவிக்குமா?" என்றாள். மீசைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பாய்க்குச் சாமி ஒன்றும் சொல்லாது என்று தீர்ப்புக் கொடுத்தார்.

அருண்பாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுப் பந்தியிலும் மச்சான் உட்கார்ந்த வரிசையை விட்டு எதிர்க்கோடியில்தான் உட்கார்ந்தான். ராமுத்தாய் சோறு வைக்கக் குனிந்தபோது கிசுகிசுத்தான்.

"அக்கா, நான் இந்தச் சோலிய விட்டுரலாம்னு இருக்கேன். முத்துப்பாண்டி ஜீப்புக்கு டிரைவர் கேக்குறான். மெட்டுக்கு ஆள் ஏத்துற வண்டி."

"ஏன்டா?"

"மச்சான் ஏறாம இருக்குறதே நான் அங்கன இருக்குறதுனாலதான? நான் போயிட்டா ஏறுவாருல்ல."

அவள் ஒரு கரண்டி சாம்பாரைக் கூடுதலாக ஊற்றிவிட்டு நகர்ந்தாள். தானாடாவிட்டாலும் தன் சதையாடும். எதிர்க்கோடிக்குப் போய்ப் புருஷன் இலையிலும் அதே மாதிரி ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

இரண்டாம் நாள் ஜோதி கேட்டாள். "உங்கள்ல யாருக்கெல்லாம் கரண்டு அடிச்சிருக்கு?"

இருபத்தைந்து கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. என்னவோ மெடல் வாங்கியவர்கள் மாதிரி ஆளுக்கு ஆள் சிரித்துக்கொண்டார்கள்.

"எதனால அடிச்சது?"

மழை என்றார் ஒருவர். எலி கடித்த வயர் என்றார் இன்னொருவர். மீசைக்காரர், நேரம் சரியில்லை, சனி திசை நடந்தது என்றார். ஜோதி ஒவ்வொன்றாகக் கேட்டு வந்து மாரீஸ்வரனிடம் நின்றாள். அவர் உள்ளங்கைத் தழும்பு அவளுக்கு நேற்றே கண்ணில் பட்டிருந்தது.

"உங்களுக்கு எப்பிடிண்ணே?"

"வயரு பழசும்மா."

பின்வரிசையில் அருண்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ராமுத்தாய் அப்போதுதான் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள். அவள் யோசித்துப் பேசியதாகச் சொன்னால் பொய். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்தது அதுவாக வெளியே வந்தது.

"வயரு பழசும் இல்ல, சனி திசையும் இல்ல. இவரு மேல இருக்கையில கோயில்ல மணி அடிச்சாக. எந்தம்பி மெயினப் போட்டுட்டான். வேணும்னு போடல. மணி அடிச்சா அவன் கை தானாப் போவும். இங்கன இருக்கிற எல்லார் கையும் போவும். இல்லேன்னு சொல்றவுக சொல்லுங்க. ஏம்மா, வயருக்கு டேப்பு சுத்தலாம். இந்தக் கைக்கு என்னாத்தச் சுத்துறது? அத மொதல்ல சொல்லு."

மாரீஸ்வரன் எழுந்து வெளியே போய்விட்டார். அருண்பாண்டி போகக்கூட முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். மீசைக்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தத் தாயி சொல்றது நெசந்தேன்" என்றார். "எங்கையும் போவும்."

ஜோதி தன் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தாள். சிவப்புக் கலரில் சின்னப் பூட்டு. மண்டபத்து மெயின் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கி அணைத்து, அதிலிருந்த ஓட்டையில் பூட்டை மாட்டிப் பூட்டினாள்.

"இதுக்கு ஒரே ஒரு சாவி. யாரு மேல ஏறுறாங்களோ அவங்க கையால பூட்டி, அவங்க சட்டைப் பையில சாவிய வச்சுக்கிட்டு ஏறணும். மேனேஜர் கேட்டாலும் சரி, பூசாரி கேட்டாலும் சரி, குடுக்கக் கூடாது. அவங்களே எறங்கி வந்து அவங்க கையால தெறந்தாத்தான் கரண்டு. கை தானாப் போகட்டும். போனா பூட்டுல முட்டிட்டுத் திரும்பி வரும்."

"கூடப் பொறந்தவனா இருந்தாலுமா?" என்றாள் ராமுத்தாய்.

"அவங்களுக்குத்தாங்கா மொதல்ல. நம்பிக்கை இல்லாதவங்க பக்கத்துல நாம சாக்கிரதையாத்தான் இருப்போம். நம்புற ஆளுக பக்கத்துலதான் அசந்துருவோம்."

அன்று மத்தியானம் மொச்சைக் குழம்பை யார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்றே ராமுத்தாய்க்குத் தெரியாது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மாரீஸ்வரன் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவருக்கு வெங்காயம் உரிக்கிற பழக்கம் உண்டு.

"அத்தன பேரு முன்னாடி எம் மானத்த வாங்கிட்டேல்ல?"

"மானத்த வாங்கல. பொய்ய வாங்குனேன். நீங்க அவனக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பொய் சொன்னீக. அது பெரிய மனசுதான். அந்தப் பெரிய மனசோட ஒரு வார்த்த பேசியிருந்தீகன்னா அவன் ஜீப்பு ஓட்டப் போறேன்னு சொல்லுவானா? அவன் மேல அம்புட்டுக் கோவமா?"

"கோவமா? யாரு சொன்னா கோவம்னு?"

"பெறகு?"

மாரீஸ்வரன் வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு ராமுத்தாயி. கம்பத்துல கால் வச்சாலே காதுக்குள்ள மணி அடிக்குது. அவன் பெட்டிகிட்ட உக்காந்துருக்குறதப் பாத்தா கால் நகரமாட்டேங்குது. அவன் நான் தூக்கி வளத்த பய. அவங்கிட்டப் போயி, மாப்ளே, ஒங்கையப் பாத்தா எனக்குப் பயமா இருக்குன்னு எப்பிடிச் சொல்றது? மொகத்தப் பாத்தா சொல்லிருவேனோன்னுதான் திரும்பிக்கிட்டேன்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. இதைப் போய்க் கோபம் என்று நினைத்து ஐந்து மாதம் இரண்டு பக்கமும் சமாதானம் பேசிக்கொண்டு திரிந்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அதைவிடவும் அந்த மனுஷன் மேல் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மீதி வெங்காயத்தை உரித்தாள்.

"அந்தப் புள்ள பூட்டு ஒண்ணு காட்டுச்சு. நீங்கதான் எந்திரிச்சுப் போயிட்டீக. நாளைக்குப் போயி ஒழுங்கா உக்காந்து கேளுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் போனார். கேட்டார். பூட்டை வாங்கித் தானே இரண்டு தடவை பூட்டித் திறந்து பார்த்தார். அருண்பாண்டியிடம் பேசவில்லை. ஆனால் கோழிக் குழம்புப் பந்தியில் அவன் பக்கமாக ஒரு தடவை பார்த்தார் என்று சுந்தரம்மாள் ராமுத்தாயிடம் வந்து சொன்னாள். குரங்கணித் திருவிழா முடிகிற வரைக்கும் ஜீப்புப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அருண்பாண்டியை ராமுத்தாய் மிரட்டி வைத்திருந்தாள்.

குரங்கணியில் அன்றைக்குக் காப்பிப் பூ பூத்திருந்தது. தோட்டம் முழுக்க வெள்ளையாக, மல்லிகையைக் கொட்டிவிட்ட மாதிரி வாசம். வெயில் சாய்ந்ததும் மலையிலிருந்து குளிர் காற்று இறங்க ஆரம்பித்தது. ராமுத்தாய் தோட்டத்துக்கு இன்னொரு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். சாப்பாடு கொண்டுவந்தேன் என்று காரணம் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

சாமான் லோடு ஏற்றி வந்த ஜீப்பு வழியில் பஞ்சராகி இரண்டு மணி நேரம் தாமதம். கோயில் திருவிழாப் பொறுப்பாளர் முத்துக்கண்ணன் மேடைக்கும் கோயிலுக்குமாக நடந்து நடந்து தரையைத் தேய்த்தார். சுந்தரம்மாள் அவரிடம் முன்னாலேயே பூட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவரும் "அதுக்கென்ன, ஆறு மணிக்குள்ள முடிச்சிருங்க" என்று தலையாட்டியிருந்தார். ஆறு மணிக்குள் முடிகிற வேலையாக இப்போது அது இல்லை.

சாரம் கட்டி முடிந்தது. மாரீஸ்வரன் மெயின் பெட்டியிடம் வந்தார். அங்கே அருண்பாண்டி எழுந்து நின்றான். அவர் கைப்பிடியை அணைத்தார், சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் அவன் கண் முன்னால்தான். அவனைப் பார்க்காமல் ஏணிக்குப் போனார். முதல் படியில் கால் வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். ஏறினார்.

ஐந்து விளக்கு மாட்ட வேண்டும். மூன்று முடிந்து நாலாவதுக்கு அவர் வயரை உரித்துக்கொண்டிருந்தபோது, யார் அவசரப்படுத்தினார்களோ, பூசாரி சந்நிதித் திரையை விலக்கிவிட்டார். கோயில் மணி கணீரென்று அடித்தது.

அருண்பாண்டியின் கை போனது.

ராமுத்தாய் பார்த்தாள். மேலே இருந்து மாரீஸ்வரனும் பார்த்தார். அவன் கண் கோயில் பக்கம் இருக்க, கை மட்டும் தனியாகப் புறப்பட்டுப் போய்க் கைப்பிடியைப் பிடித்து மேலே தள்ளியது. பூட்டு முட்டியது. கைப்பிடி அசையவில்லை. அவன் இன்னும் ஒரு தடவை அழுத்தினான். அப்புறம்தான் திரும்பித் தன் கையைப் பார்த்தான். சுட்டுக்கொண்டவன் மாதிரி அதை உதறி எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கோயிலும் மேடையும் மங்கலாகக் கிடந்தன. சூடம் மட்டும் எரிந்தது. "லைட்டு! லைட்டப் போடுங்கடா!" என்று சத்தம் கிளம்பியது. முத்துக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"சாவிய எறிப்பா மாரீசு! ஆத்தாளுக்குத் தீவாரண நடக்குது!"

"எறிய மாட்டேண்ணே." மேலேயிருந்து குரல் நடுங்காமல் வந்தது. "நான் எறங்கி வந்து தெறப்பேன். அது வரைக்கும் ஆத்தா பொறுத்துக்கிருவா."

"ஊரே பாத்துக்கிட்டு நிக்குதுய்யா!"

"நிக்கட்டும். நானும் உசுரோட நின்னு கும்பிடுறேன்ல."

உரித்த வயருக்கு டேப்புச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். அதற்குள் தீபாராதனை முடிந்து பூசாரி திருநீறு கொடுக்க ஆரம்பித்திருந்தார். முத்துக்கண்ணன் முணுமுணுத்தபடி நின்றார். மேடைக்கும் கோயிலுக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று சுந்தரம்மாள் நடுவில் புகுந்தாள். அடுத்த திருவிழாவுக்குள் இன்னொரு பெட்டி வாங்கிவிடுவதாக அவர் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாள்.

மாரீஸ்வரன் அதை எல்லாம் காதில் வாங்கவில்லை. அருண்பாண்டி முன்னால் போய்க் குந்தினார். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"போயிருச்சு மச்சான். இன்னைக்கும் போயிருச்சு. போகக் கூடாது போகக் கூடாதுன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருந்தேன் மச்சான். இந்தக் கைய வெட்டித்தான் போடணும்."

"வெட்டிப்புட்டா கஞ்சி எப்பிடிறா குடிப்ப?" என்றார் மாரீஸ்வரன்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. ராமுத்தாய் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போவும்டா மாப்ளே. எங்கையும் போயிருக்கும். பூட்டுறதுக்கு முந்தி நாங்கூட ஒன்னயத்தான் பூட்டணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பெட்டியப் பூட்டுனாப் போதும்போல இருக்கு." அவர் அவன் கையைக் கக்கத்திலிருந்து இழுத்து எடுத்தார். தன் தழும்புக் கைக்குள் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "ஒன்னயப் பாத்தா எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் பேசல. கோவமில்ல. வெளங்குதா? எந்திரி."

பூட்டைத் திறந்தார். "இப்பப் போடு" என்றார். அருண்பாண்டி தயங்கினான். அவர் விடவில்லை, அவனையே போடச் சொன்னார். வளைவும் கோபுரமும் மேடையும் ஒன்றாக எரிந்தன. கூட்டம் ஒரு சத்தம் போட்டது. திருநீறு வாங்கிக்கொண்டு வந்த ஒரு கிழவர், இந்த வருசம் ஆத்தா முகத்தைச் சூட வெளிச்சத்திலேயே பார்த்தது நல்லாத்தான் இருந்தது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். முத்துக்கண்ணன் அதற்கும் முணுமுணுத்தார்.

"இன்னும் ரெண்டு லைட்டு பாக்கி" என்றார் மாரீஸ்வரன். மறுபடி அணைத்தார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார். "நீ எதுக்குடா இங்கன பெட்டிய மொறச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க? அதுதான் பூட்டியாச்சுல்ல. வந்து ஏணியப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி."

அருண்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து ஏணியைப் பிடித்தான். மாரீஸ்வரன் இந்தத் தடவை முதல் படியில் நிற்கவில்லை. பாதி ஏறியதுமே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"என்னடா ஏணி ஆடுது?"

"ஆடல மச்சான். ஒங்க காலுதான் ஆடுது."

"ஏறத் தெரியாதவனெல்லாம் எங்காலப் பத்திப் பேசுறான். அந்தத் திருப்புளியக் கொண்டாடா."

"ரெண்டு கையாலயும் ஏணியப் பிடிக்கச் சொன்னீக. எந்தக் கையால கொண்டார?"

"வாயில கவ்விக் கொண்டா. ஜீப்பு ஓட்டப் போறாராம்ல ஜீப்பு! குரங்கணி ஏத்தத்துல ஒரு தரம் ஓட்டிப் பாரு, அப்புறம் தெரியும்."

ராமுத்தாய் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள். மேலேயிருந்து ஒரு ஏச்சு வந்தது, கீழேயிருந்து ஒரு பதில் போனது. கோயிலுக்கு வந்த நாலைந்து பேர் அதைக் கேட்க நின்றுவிட்டார்கள். என்ன தாயி, வீட்டுக்காரரும் தம்பியும் இப்படிச் சண்டை போடுகிறார்களே என்று ஒருத்தி கேட்டாள். ராமுத்தாய் அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, போடட்டும், விடிய விடியப் போடட்டும் என்று கையால் சாடை காட்டினாள்.